அழிக்கப்பட்ட ஊர்ப்பெயர்

சாமுவெல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' ஊர், பேர் இல்லாத ஒரு வெளியில் நடக்கிறது என்றுதான் நான் பல வருஷங்களாகச் சொல்லி வந்தேன். ஒரு சாலை, ஒரு மரம், மனித நிலை, அவ்வளவுதான் என்று. ஆங்கிலப் பிரதியை மட்டும் படித்துவிட்டுச் சொன்னது அது. தப்பு என்று இப்போது படுகிறது.

1952ல் வெளிவந்த பிரெஞ்சு மூலத்தில் ஊர் இருக்கிறது. இரண்டாம் அங்கத்தில் விளாடிமிர், தாங்கள் இருவரும் வோக்ளூஸ் பகுதியில், ரூஸியோன் என்ற ஊரில், பொனெலி என்பவரிடம் திராட்சை பறித்ததை நினைவுபடுத்துகிறான். அங்கே எல்லாம் சிவப்பு என்கிறான். எஸ்ட்ரகான் ஒப்புக்கொள்வதில்லை. தானே ஆங்கிலத்தில் பெயர்த்தபோது பெக்கெட் ஊரையும் ஆளையும் எடுத்துவிட்டார். சிவப்பு மட்டும் மிஞ்சியது.

பொனெலி கற்பனை ஆள் அல்ல. 1942 ஆகஸ்டில், பாரீஸில் பெக்கெட் சேர்ந்திருந்த எதிர்ப்புக் குழு காட்டிக் கொடுக்கப்பட்டது. அவரும் சூஸானும் தப்பி, சில வாரங்கள் கழித்து, காவிமண் குன்றின் மேலிருக்கும் ரூஸியோனுக்கு வந்து சேர்ந்தார்கள். நவம்பரில் ஜெர்மானியர் தெற்கையும் பிடித்துக்கொண்டார்கள். புத்தகமும் காப்பிக்கடையுமாக இருந்த நகரவாசி, பொனெலியின் நிலத்திலும் பிறர் நிலத்திலும் உணவுப் பொருளுக்காக உழைத்தார். 'வாட்' நாவலை அங்கேதான் தொடர்ந்து எழுதினார். அதில் அந்தக் கிராமம் இல்லை.

இதே ஊரில் 1950-51ல் அமெரிக்கப் பேராசிரியர் லாரன்ஸ் வைலி குடும்பத்தோடு தங்கினார். 'வோக்ளூஸில் ஒரு கிராமம்' என்ற அவருடைய ஆய்வு 1957ல் வந்தது. அதில் ஊருக்குப் 'பெய்ரான்' என்று மாற்றுப் பெயர் வைத்திருந்தார். ஊராருக்குக் காட்டிய மரியாதை அது.

அதே வட்டாரத்தில்தான் மெனெர்ப். விளம்பரத் தொழிலை விட்டு அங்கே ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறிய ஆங்கிலேயர் பீட்டர் மேல், 1989ல் 'புரோவான்ஸில் ஒரு வருஷம்' எழுதினார். ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு அத்தியாயங்கள். ஊர்ப்பெயரை மறைக்கவில்லை. வாசகர்கள் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்கள்.

மேலின் புத்தகமும் காத்திருத்தலைப் பற்றியதுதான். வருவதாகச் சொல்லி வராத கொத்தனார், பாதியில் நிற்கும் வீட்டு வேலை. கடைசியில் வேலையாட்களை மனைவிமாரோடு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைக்க, வேலை முடிகிறது. அவருடைய கோடோ வந்துவிடுகிறார். சிரித்துக்கொண்டேதான் படித்தேன். மோசமான புத்தகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே காத்திருப்பவர் பணம் கொடுப்பவர். கிராமத்தை அவர் பொறுத்துக்கொள்கிறார். அந்தப் பொறுமையிலிருந்து நகைச்சுவை பிறக்கிறது. பெக்கெட் விஷயத்தில் கிராமம்தான் அவரைப் பொறுத்துக்கொண்டது.

நகரத்தான் கிராமத்தில் தங்கி எழுதியதை மதிப்பிட வர்ணனைத் திறன் அளவுகோல் ஆகாது. யார் யாரைப் பொறுத்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டும். இதைக் கேட்ட பிறகு கோடோவில் கைமாறும் டர்னிப்பும் காரட்டும், காலைக் கடிக்கும் பூட்ஸும், பள்ளத்தில் கழித்த இரவும் எனக்கு வெறும் குறியீடுகளாகப் படவில்லை. பசித்தவன், நடந்து களைத்தவன் அறிந்த பொருள்கள் அவை.

வாழ்க்கைச் சரித்திரத்தைக் கொண்டு படைப்பை விளக்குவது பழைய வியாதி என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆசிரியரே எடுத்துவிட்ட பெயரை நீ ஏன் தோண்டுகிறாய் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாடகத்தை நான் ரூஸியோனாகச் சுருக்கவில்லை. பெயர் இல்லாதிருப்பது வேறு, இருந்த பெயரை அழிப்பது வேறு என்கிறேன். ஆங்கிலத்தில் விளாடிமிர் அந்த ஆளின் பெயர் வராமல் விரலைச் சொடுக்குகிறான். தனக்குச் சோறிட்டவனின் பெயரை மறந்தவனின் தவிப்பு அது. பெயரை விட்டுவைத்திருந்தால் இந்தத் தவிப்பு நாடகத்துக்குக் கிடைத்திருக்காது.

பெக்கெட்டின் வெறுமையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறவர்களிடம் எனக்குள்ள சந்தேகம் இதுதான்: அழிப்பதற்கு அவர்களிடம் ஓர் ஊராவது இருந்ததா?