லயம்: ஒரு சொல்லும் ஊவாத் தப்பும்

ஒட்டுதல், படிதல், ஒன்றிக் கரைதல் ஆகிய பொருள்களைத் தரும் 'லீ' என்னும் வடமொழி வேரில் பிறந்த லயம் என்ற சொல், லகரம் மொழிக்கு முதலாகாது என்னும் தமிழிலக்கண மரபுக்கிணங்க இலயம் என எழுதப்பட்டு, ஒன்றுபடுகை, ஒடுக்கம், தாளத்தின் கால அளவு ஆகிய பொருள்களைத் தாங்கி வந்துள்ளது. இலங்கை மலையகத்தின் ஊவாப் பகுதியிலுள்ள பதுளை, பசறை, ஹாலி-எல, தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களிலோ லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு. வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் லயன் என்றும் லயம் என்றும் திரிந்து, ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கும் காம்பராக்களின், அதாவது ஒற்றையறை வீடுகளின், நெடுங்கட்டடத்துக்குப் பெயராயிற்று. குதிரை கட்டும் லாயமே இதன் மூலம் என்போர் உண்டு. அக்குடியிருப்பின் அவலத்தை நோக்க அவ்விளக்கம் நெஞ்சைத் தொடுமெனினும், தோட்டத் துரைமார் இவற்றை 'லைன்ஸ்' என்றே வழங்கியமையால் அதனை ஏற்பதற்கில்லை.

பிறப்பால் உறவற்ற இவ்விரு லயங்களும் சந்திக்கும் இடம் தப்பு. பறையின் உடன்பிறப்பாகிய இவ்வட்டக் கருவியின் சட்டம் மரபாக மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் பிணைத்துச் செய்யப்படுவது; அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் தோல் ஒட்டப்படும். ஒரு கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சியும் மறு கையில் தடித்த குறுகிய அடிக்குச்சியும் இயங்க, இரண்டும் ஒரே தோலில் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

மன்மதன் எரிந்தெழும் கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்தில் கதையின் திருப்பங்களுக்கேற்ப அடி மாறுவதையே மலையகத் தப்பின் உச்சமாகக் கொள்ளும் ரசிகர் பலர். அந்த அழகு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அதைவிட நுட்பமானது, முதல் அடிக்கு முன்னே நிகழும் காய்ச்சுதல், அதாவது தீயில் காட்டித் தோலை இறுக்குதல். வைக்கோலோ சருகோ எரியும் ஒரே நெருப்பைச் சூழ்ந்து நின்று, ஒருவர் தட்டிப் பார்க்கும் ஓசைக்கு மற்றவர் தம் தப்பை வெப்பத்தில் காட்டியும் விலக்கியும் ஒத்துக் கொண்டுவருகையில், காதுகள் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. லயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஊவாவில் இதற்குப் பருவமும் உண்டு. ஆடி, ஆவணியில் மலைகளைக் கடந்து வீசும் வறண்ட காற்று தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தை ஊட்டும் அதே வேளையில் தோலையும் இறுக்கி வைப்பதால் சிறு வெம்மையே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ தோல் ஈரத்தை உண்டு தளர்ந்து, அடிக்கொருமுறை நெருப்பைத் தேடவைக்கிறது. அடைமழைக் காலத்தில் ஓசை குலையாமல் வாசிக்கும் குழுவையே தேர்ந்த குழுவெனக் கொள்ளலாம்.

கூத்துக்கு மட்டுமன்றித் தோட்ட வேலைக்கும் தப்பு முழங்கியதுண்டு. விடியலில் ஆட்களைத் திரட்டி வேலை பிரிக்கும் கூடுகைக்குப் பெரட்டு என்று பெயர். 'பரேட்' என்பதன் தோட்ட வடிவமாக அது கருதப்படுகிறது. அதற்கு அழைத்த பெரட்டுத் தப்பின் ஓசையை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கில நெடுங்கவிதையிலேயே ஒலிக்கச் செய்துள்ளார். அதன் இடத்தைச் சங்கு பிடித்துக்கொண்டதற்காக வருந்த வேண்டியதில்லை. உறக்கத்தைப் பறித்த அடி அது. சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட குச்சியை இளையோர் கீழே வைத்ததும் நியாயமே.

வருந்தத்தக்கது வேறு. விரும்பி வாசிக்க வருவோரின் கைகளிலும் இன்று பிளாஸ்டிக் தோல் போர்த்திய பறைகள் பெருகுகின்றன. அவை மழைக்குத் தளர்வதில்லை, நெருப்பையும் வேண்டுவதில்லை. ஆதலின் வாசிப்போர் ஒருவரையொருவர் கேளாமலே தொடங்கி, இசைவின்மையை வேகத்தால் மூடுகின்றனர். சபை நிகழ்ச்சிகளில் கைதட்டல் பெறுவது பெரும்பாலும் அவ்வேகமே. தோல் கிடைப்பது அரிதாயிற்று என்பது உண்மையெனினும், கிடைக்கும் இரண்டு தோல் தப்புகளை நெருப்பில் காய்ச்சி வாசிக்கும் சிறு குழுவில் கேட்கும் லயம், இருபது பிளாஸ்டிக் பறைகள் முழங்கும் மேடையில் கேட்பதில்லை.