வெளியேற முடிந்தவரின் கையேடு

ஒரு கையேட்டை இலக்கியப் பிரதி மாதிரி படிக்கலாமா? படிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். நாவலிடம் கேட்கிற கேள்விகளை அதனிடமும் கேட்டுப் பார்க்கலாம். பேசுவது யாரு, யாரிடம் பேசுகிறார், 'நாம்' என்று சொல்லும்போது யாரெல்லாம் அதற்குள் வருகிறார்கள், யார் திண்ணையோடு நிறுத்தப்படுகிறார்கள்?

நான் இங்கே எடுத்துக்கொள்வது நிவாரணப் பணியாளர்களின் பாதுகாப்பு பற்றிய ஒரு புத்தகம். 'வன்முறைச் சூழல்களில் செயல்பாட்டுப் பாதுகாப்பு மேலாண்மை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கூன்ராட் வான் பிராபான்ட் எழுத, லண்டனில் உள்ள ஓவர்சீஸ் டெவலப்மென்ட் இன்ஸ்டிட்யூட் 2000-இல் வெளியிட்டது. 2010-இல் திருத்திய பதிப்பும் 2024-இல் புதிய பதிப்பும் வந்தன. போர், பேரிடர் நடக்கும் ஊர்களுக்கு ஆள் அனுப்பும் தொண்டு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய இதுதான் பாடநூல்.

மோசமான புத்தகம் என்று சொல்லவே முடியாது. அதன் மையத்தில் ஒரு முக்கோணம் இருக்கிறது. முதல் முனை ஏற்பு: ஊர்மக்களும் ஆயுதம் வைத்திருப்பவர்களும் உன்னை ஏற்றுக்கொண்டால் உனக்கு ஆபத்து குறையும். இரண்டாவது காப்பு: மதில், பூட்டு, வானொலிக் கருவி, ஊரடங்கு நேரம். மூன்றாவது எதிர்அச்சம்: என்னைத் தொட்டால் உனக்கும் இழப்பு உண்டு என்று உணர்த்துவது. ஆயுதக் காவலில் தொடங்கி, வேலையை நிறுத்திவிடுவோம் என்று சொல்வதுவரை இதில் வரும். மூன்றையும் இடத்துக்கு ஏற்பக் கலந்துகொள் என்கிறது புத்தகம். நிவாரண அமைப்புகளுக்குப் பிடித்தது முதல் முனைதான். கேட்கவும் நல்லா இருக்கு. மதில் கட்டாமல், துப்பாக்கி தூக்காமல், நல்ல பெயரையே கவசமாகப் போட்டுக்கொள்வது.

இந்த 'ஏற்பு' என்ற சொல்லைக் காவிரி டெல்டாவில் வைத்துப் படித்தால் என்ன ஆகிறது என்பதே என் கேள்வி.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடற்கரைக் கிராமங்களுக்குள் நிவாரணம் போன முக்கிய வழி ஊர்ப் பஞ்சாயத்துகள். வேறு வழியும் பெரிதாக இல்லை. பஞ்சாயத்து ஏற்றுக்கொண்டால் வேலை நடக்கும், வண்டி போகும், பணியாளர் மேல் ஒரு கை விழாது. கையேட்டின்படி இது முழு வெற்றி. ஆனால் பஞ்சாயத்து தயாரித்த பட்டியலில் கரையோரத்து தலித் கூலித் தொழிலாளர்கள் பல இடங்களில் விடுபட்டார்கள். முகாமில் தங்குவதிலும் தண்ணீர் எடுப்பதிலும் சாதி குறுக்கே நின்றதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. சரி, பட்டியலில் சேரியையும் சேர்க்கணும்னு அந்தத் தொண்டு நிறுவனம் முடிவு எடுக்கிறது என்று வையுங்கள். அந்த நொடியில் 'ஏற்பு' கீழே இறங்கும், ஆபத்து மேலே ஏறும். அந்த ஆபத்து விழுவது சென்னையிலோ லண்டனிலோ இருக்கும் திட்ட மேலாளர் தலையிலா? அடுத்த தெருவில் வீடு இருக்கிற, அதே ஊரில் பொண்ணு எடுத்திருக்கிற, திட்டம் முடிந்தபிறகும் அங்கேயே வாழவேண்டிய களப்பணியாளர் தலையில்.

வெளியிலிருந்து வருபவருக்கு ஏற்பு ஓர் உத்தி. உள்ளூர்க்காரருக்கு அது சாதி, தெரு, உறவு, பழைய வாய்க்கால் தகராறு எல்லாம் சேர்ந்த ஒன்று. அதை அவர் உத்தியாகக் கையாள முடியாது, ஏனென்றால் அவரே அதற்குள் இருக்கிறார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. நிவாரணம் தாமதமானதால் ஊருக்கு ஊர் மறியல். புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன. தன்னார்வலர்கள் கொண்டுவந்த லாரிகள் பிரதான சாலையில் இருந்த ஊர்களிலேயே மறிக்கப்பட்டு, உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு எட்டாமல் போயின. பசித்தவன் லாரியை மறிப்பதைக் கையேட்டின் மொழியில் 'சம்பவம்' என்று ஒரு படிவத்தில் நிரப்பிவிடலாம். மறித்தவன் பக்கத்து நியாயத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கஜா சமயத்தில் உண்மையில் உயிரைப் பணயம் வைத்தவர்களை யாரும் நிவாரணப் பணியாளர் என்று அழைக்கவில்லை. சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்வாரிய ஆட்கள் சம்பா வயலின் சேற்றில் இறங்கி, கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். அவர்களுடைய ஆபத்து வேறு மாதிரியானது. செல்போன் சார்ஜ் போட, தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஊரெல்லாம் ஜெனரேட்டர் ஓடியது. ஒரு வீட்டு ஜெனரேட்டரைச் சரியாகப் பிரிக்காமல் விட்டால், செத்துக் கிடக்கும் கம்பியில் பின்பக்கமாக மின்சாரம் ஏறிவிடும்.

அவர்களிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. 'லைன் கிளியர்' வாங்குவது என்பார்கள். ஒருவர் பெயரில் அனுமதி எழுதப்படும், இணைப்பு துண்டிக்கப்படும், கம்பி எர்த் செய்யப்படும். வாங்கிய அதே ஆள் திருப்பிக் கொடுக்கும்வரை துணைமின்நிலையத்தில் யாரும் அந்த லைனில் மின்சாரம் விடக்கூடாது. அதிகாரி அவசரப்படுத்தினாலும், அமைச்சர் வந்து நின்றாலும் விதி அதுதான். நான் படித்த பாதுகாப்புக் கருத்துகளிலேயே எளிமையானதும் ஆழமானதும் இது. முடிவெடுக்கும் உரிமை ஆபத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைக்கப்படுகிறது. (இதிலும் ஓட்டை உண்டு. லைன் கிளியர் வாங்கும் அதிகாரம் நிரந்தர ஊழியருக்கு, கம்பத்தில் ஏறுபவரோ பல சமயம் ஒப்பந்தத் தொழிலாளி.)

இந்த உரிமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர் இருக்கிறது: மூதூர்.

அந்தச் சண்டையின் தொடக்கம் டெல்டாக்காரனுக்கு உடனே புரியும். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினார்கள். கீழே வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. அதை ஒட்டி வெடித்த போர் ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூருக்குள் வந்தது. 'அக்‌ஷன் ஃபாம்' என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் திருகோணமலையிலிருந்து அங்கே வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்டார்கள். தங்களை வெளியே எடுக்கச் சொல்லி வானொலியில் கேட்டார்கள். அலுவலகத்திலேயே இருங்கள், அதுதான் பாதுகாப்பு என்று பதில் வந்தது. சின்னம் தெரியும் வளாகம், எல்லோரும் அறிந்த நிறுவனம். முக்கோணத்தின் முதல் இரண்டு முனைகளும் அங்கே இருந்தன. ஆகஸ்ட் 4 அன்று ஊர்மக்கள் மூதூரைவிட்டு வெளியேறினார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் சுடப்பட்டார்கள். மொத்தம் 17 பேர், அதில் 4 பெண்கள். 16 தமிழர், ஒரு முஸ்லிம். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையோடுதான் கிடந்தார்கள். வெளிநாட்டவர் ஒருவரும் அதில் இல்லை.

இதோடு இன்னொரு வழக்கைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். 2012-இல் கென்யாவின் தாதாப் அகதி முகாமில் நார்வேஜியன் ரெஃப்யூஜி கவுன்சிலின் வாகன அணி தாக்கப்பட்டது. கடத்தப்பட்ட வெளிநாட்டுப் பணியாளர்கள் நான்கு நாளில் மீட்கப்பட்டார்கள். அவர்களில் கனடாக்காரர் ஒருவர் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார். 2015-இல் ஆஸ்லோ நீதிமன்றம் நிறுவனம் கடும் அலட்சியம் காட்டியது என்று சொல்லி, சுமார் 44 லட்சம் குரோனர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நியாயமான தீர்ப்பு. பணியாளர் பாதுகாப்பு பற்றிய பேச்சையே அது மாற்றியது. ஆனால் அதே தாக்குதலில் கென்ய ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். துறை நினைவில் வைத்திருக்கும் வழக்கு அவருடையது இல்லை. மூதூரின் 17 பேருக்கோ இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. மூதூர் கொலைகளை விசாரித்த இலங்கையின் ஜனாதிபதி ஆணைக்குழு, ராணுவத்தின் மீது பழியில்லை என்று சொல்லிவிட்டு, பணியாளர்களை அங்கே விட்டுவைத்த நிறுவனத்தின் அலட்சியத்தைச் சுட்டிக்காட்டியது. நிறுவனம் தப்பு செய்தது உண்மை. ஆனால் 'ஏன் அங்கே இருந்தார்கள்' என்ற கேள்வி, 'யார் சுட்டது' என்ற கேள்வியை மறைக்கும் திரையாக மாறியது. பணியாளர் பாதுகாப்பின் மொழிக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு. ஆபத்தை இயற்கைபோல, மழை வெயில்போல எழுதும் பழக்கம் அதற்கு. எழுவாய் இல்லாத வாக்கியம். 'இடர் அதிகரித்தது' என்று எழுதும்போது அதை அதிகரித்த கை காணாமல் போகிறது.

புதிய பதிப்புகள் இதையெல்லாம் கவனிக்கவில்லை என்றால் அது பொய். 2010 பதிப்பு உள்ளூர்ப் பணியாளர் தலையில் ஆபத்து இறக்கிவைக்கப்படுவதைப் பேசுகிறது. 2024 பதிப்பு, ஒருவரின் அடையாளத்தைப் பொறுத்து ஆபத்து மாறும் என்பதையே அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் கொல்லப்படும் நிவாரணப் பணியாளர்களில் மிகப் பெரும்பான்மையினர் உள்ளூர்க்காரர்கள் என்பதும் துறைக்குத் தெரிந்ததுதான். ஆனால் பிரதியின் 'நாம்' இன்னும் பெரிதாக நகரவில்லை என்பதே என் வாசிப்பு. உள்ளூர்க்காரர் அதில் கவனிக்கப்படவேண்டியவராக வருகிறார், முடிவெடுப்பவராக அரிதாகவே வருகிறார். வெளியேற்றம் என்ற அத்தியாயத்தை எழுதுகிறவர் மனதில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. மூதூர்க்காரருக்கும் வேதாரண்யத்துக்காரருக்கும் எந்த விமான நிலையம்?

தமிழில் இப்படி ஒரு கையேடு வரவேண்டும். தேவை இருக்கிறது. அடுத்த புயலுக்கும் இளைஞர்கள் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பத்தான் போகிறார்கள். அந்தக் கையேட்டின் முதல் பக்கத்தில் முக்கோணம் வேண்டாம். இரண்டு கேள்விகள் போதும். 'கிளம்பலாம்' என்று இங்கே யார் சொல்ல முடியும்? சொன்னவரின் சம்பளம் மறுநாளும் வருமா?