ஒரே அச்சில் ஒரு குடும்பம்!

ஒரு அப்பா, ஒரு அம்மா, நடுவில் ஒரு பிள்ளை. மூவரும் நேராக உங்களைப் பார்க்கிறார்கள். சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. ‘ஆடாம இருங்க’ என்று சொன்ன போட்டோகிராபர், ‘போதும், எழுந்திருங்க’ என்று சொல்ல மறந்துவிட்டார் போல!

சீன ஓவியர் ஜாங் சியாவ்காங்கின் ‘ரத்த உறவு: பெரிய குடும்பம்’ ஓவியங்களில் பலவும் இப்படித்தான். அதில் 3-ம் எண் ஓவியம், 2014-ல் ஹாங்காங் ஏலம் ஒன்றில் சுமார் 1 கோடியே 21 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது.

விலையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள், இல்லையா? ஜாங் பற்றிய பேச்செல்லாம் இப்படி விலைப்பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. நாம் கொஞ்சம் படத்தைப் பார்ப்போமே.

1958-ல் குன்மிங் நகரில் பிறந்தவர். 1966-ல் மாவோவின் கலாசாரப் புரட்சி தொடங்கியபோது சின்னப் பையன். அரசு அதிகாரிகளான அப்பா, அம்மாவை ‘திருத்துவதற்காக’ வீட்டைவிட்டு அனுப்பினார்கள். அம்மாவுக்கோ மனநோய். மாவோ மறைந்தபின் கல்லூரிகள் மறுபடி திறக்க, சிச்சுவான் நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்து 1982-ல் படிப்பை முடித்தார்.

1992-ல் ஜெர்மனி போய் சில மாதங்கள் மியூசியம் மியூசியமாகச் சுற்றினார். போட்டோவைப் பார்த்து மங்கலாக வரையும் கெர்ஹார்ட் ரிக்டரின் ஓவியங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. சரி, இதில் நம்முடையது எது? பதில் பெற்றோர் வீட்டில் இருந்தது. அவர்களின் பழைய ஸ்டூடியோ போட்டோக்கள்!

அந்தப் போட்டோக்களை அப்படியே காப்பி அடிக்கவில்லை. தூரிகைத் தடமே தெரியாதபடி முகங்களைத் தேய்த்து வழவழப்பாக்கினார். அப்பா, அம்மா, பிள்ளை எல்லோருக்கும் ஒரே கண், ஒரே மூக்கு. கன்னத்தில் பழைய போட்டோவின் கறை மாதிரி ஒரு வெளிச்சத் திட்டு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஓடும் மெல்லிய சிவப்புக் கோடு.

அந்தக் கோடு தொப்புள்கொடியா, விலங்கா? சொல்லவே முடியாது. குடும்பப் படத்துக்குக்கூட சீருடை மாதிரி உடுத்தி, கழுத்துவரை பட்டன் போட்டு வந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஆளாக அரசாங்கமும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் படத்தில் ஒரு கோஷம் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, பெரிய வித்தைதான்.

சிக்கல் பிறகு வந்தது. 2006-ல் நியூயார்க் ஏலத்தில் ‘தோழர் எண் 120’ என்ற ஓவியம் 9,79,200 டாலருக்கு விற்றது. பெயரைக் கவனியுங்கள்... எண் 120! மனிதர்களை ஒரே அச்சில் வார்த்தது அரசு என்று காட்டத்தான் அவர் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சந்தையும் அதே முகத்தைத்தான் கேட்டது! சரக்கு ஓடும்போது மாடலை மாற்றாதே என்பது வியாபார விதி. கலைக்கு அதுவே விஷம். தொண்ணூறுகளின் நடுவில் வரைந்தவற்றில் இருக்கும் நடுக்கம், பின்னால் வந்த சிலவற்றில் இல்லை. வெறும் கையெழுத்துதான் மிஞ்சுகிறது.

அவரும் அங்கேயே நின்றுவிடவில்லை. ‘பச்சைச் சுவர்’ வரிசைக்குப் போனார். பாதி உயரத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்த அறைகள், அந்தக் காலத்துச் சாமான்கள். ஏலத்தில் முகங்களுக்குக் கிடைத்த ஆர்ப்பாட்டம் இவற்றுக்கு இல்லை. ஆனால், ஆள் எழுந்து போன அறையின் மௌனம் இருக்கிறது. என் ஓட்டு இவற்றுக்கும் உண்டு.

இன்டர்நெட்டில் ‘பெரிய குடும்பம்’ கிடைக்கும். விலையைத் துண்டுத் தாளால் மூடிவிட்டு, அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும் விரலால் தொடர்ந்து பாருங்கள். யாரை யாரோடு கட்டியிருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.