எலும்பு வைத்திருக்கும் கணக்கு: லாரன் ஃப்ளெஷ்மனின் தன்வரலாறு

2012 ஜூன் மாதக் கடைசி. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம், யூஜின் நகரம். லண்டன் ஒலிம்பிக்குக்கான அணித்தேர்வு. பெண்கள் 5000 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மூன்று பேருக்குத்தான் இடம். மூன்றாவது இடத்தை கிம் கான்லி, ஜூலியா லூக்கஸிடமிருந்து கோட்டின் மேல் வைத்துப் பறித்தார். வித்தியாசம் 0.04 விநாடி. இன்றைக்கும் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த 0.04 விநாடியைத்தான் பேசுவார்கள். நானும் யூடியூபில் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதே ஓட்டத்தில் வெகு பின்னால் இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். 2006லும் 2010லும் அமெரிக்கச் சாம்பியன். முந்தைய வருடம்தான் தென்கொரியாவின் தேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 5000 மீட்டரில் ஏழாவதாக வந்திருந்தார். காயத்தினால் அந்தப் பருவம் முழுக்க ஓடிப் பயிற்சி செய்யவே முடியாமல் போய், கிட்டத்தட்ட ஓடாத கால்களோடு தேர்வுக்கு வந்து, தகுதிச்சுற்றைத் தாண்டி இறுதிக்கும் வந்துவிட்டவர். லாரன் ஃப்ளெஷ்மன். ஒலிம்பிக்குக்கு அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போகவில்லை.

அவருடைய தன்வரலாறு ‘குட் ஃபார் எ கேர்ள்’ 2023 ஜனவரியில் வந்தது. அந்த வருடம் இங்கிலாந்தின் வில்லியம் ஹில் விளையாட்டுப் புத்தகப் பரிசும் அதற்குக் கிடைத்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘பொம்பளப் புள்ளைக்கு இதுவே பெரிசு’ என்று வரும். பாராட்டு மாதிரி காதில் விழுந்து, கொஞ்ச நேரம் கழித்துக் குத்தும் வாக்கியம்.

விளையாட்டு வீரர்களின் தன்வரலாறுகளை விடாமல் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. வறுமை அல்லது தனிமை, ஒரு நல்ல வாத்தியார், முதல் வெற்றி, பிறகு ஒரு காயம், காயத்திலிருந்து மீண்டு பதக்கம். இந்த அச்சில் காயத்துக்கு ஒரே ஒரு வேலைதான். இடைவேளை பிளாக்கில் விழுந்து, கிளைமாக்ஸின் ருசியைக் கூட்ட வேண்டும். ஏன் முறிந்தது என்று யாரும் கேட்பதில்லை. விதி என்று சொல்லாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஃப்ளெஷ்மன் அந்த ஏன் என்ற கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். புத்தகத்தின் பலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். ஹாலிவுட் படங்களுக்குச் செட் சாமான்கள் செய்யும் அப்பா. குடி உண்டு, சத்தம் உண்டு, மகள் மேல் அபாரமான பெருமையும் உண்டு. பையன்களோடு சரிக்குச் சரி நின்றால் அந்த அப்பாவுக்குப் பிடிக்கும். அதனால் நிற்கிறாள். பள்ளி மைதானத்தில் அவர்களை முந்தவும் செய்கிறாள். பிறகு ஒரு கட்டத்தில் பையன்கள் அவளைத் தாண்டிப் போக ஆரம்பிக்கிறார்கள். அவள் சோம்பேறியாகிவிடவில்லை. அவர்கள் உடம்பில் டெஸ்டாஸ்டிரோன் வேலையைத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த வயதில் இதை அவளுக்கு உட்கார வைத்துச் சொல்ல யாருமில்லை.

இதற்குப் பின் வரும் பக்கங்கள்தான் நூலின் மையம். பையன்கள் பதினாலு பதினைந்தில் தொடங்கி வருடா வருடம் வேகம் கூடிக்கொண்டே போவார்கள். கோடு நேராக மேலே ஏறும். பெண்களின் கோடு அப்படிப் போகாது. இடுப்பு அகலும், மார்பு வரும், கொழுப்பு சேரும். நேரம் சில வருடங்கள் அப்படியே நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் பின்னால்கூடப் போகும். பொறுத்திருந்தால் இருபதுகளின் நடுவில் மறுபடி ஏறி, முப்பதுகளிலும் ஏறலாம். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு, அதன் உதவித்தொகை, ஷூ கம்பெனி ஒப்பந்தம் எல்லாமே அளவெடுப்பது பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள். அதாவது கோடு தேங்கி நிற்கும் அந்த வருடங்களில். 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் கல்வி நிறுவனங்களில் பெண்களுக்கும் இடம் கொடு என்றது. கொடுத்தார்கள். அந்த இடம் ஆணின் உடம்புக்குத் தைத்த சட்டை என்கிறார் ஃப்ளெஷ்மன். உனக்குப் பொருந்தலையா, உடம்பைக் குறைச்சுக்கோ.

குறைக்கிறார்கள். சாப்பாட்டைக் குறைத்தால் முதல் ஒன்றிரண்டு பருவங்கள் நேரம் நன்றாகவே வரும். இந்த விஷயத்தின் விஷமே அங்கேதான் இருக்கிறது. தோற்றால் நிறுத்திவிடுவார்கள், ஜெயிப்பதால் தொடர்கிறார்கள். செலவழிக்கும் சக்தியை விட வரவு குறைந்தால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிடாயை. ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பு தேய்வதைத் தடுத்துப் பிடித்திருப்பது அந்த ஈஸ்ட்ரோஜன்தான். வாழ்நாளுக்கான எலும்பின் பெரும்பகுதியை இருபதுகளுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்க வேண்டிய வயதில் சேமிப்பிலிருந்து எடுத்துத் தின்றால் பாதத்தில், கணுக்காலுக்கு மேலே, தொடை எலும்பில், இடுப்புக்குப் பின்னால் மெல்லிய விரிசல்கள் விழும். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். மோதி உடைவதில்லை, தினம் தினம் ஓடியே உடைவது.

மருத்துவம் இதைக் கவனிக்காமலில்லை. உண்ணல் கோளாறு, நின்றுபோன மாதவிடாய், எலும்புத் தேய்வு மூன்றையும் ஒரே முடிச்சாகப் பார்த்து 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து, ஆண்களையும் சேர்த்து, ‘ரெட்-எஸ்’ என்று அழைத்தது. ஃப்ளெஷ்மன் ஸ்டான்ஃபோர்டில் ஓடியது பெயர் வைத்த பிறகுதான். பெயர் மருத்துவ இதழில் இருந்தது, மைதானத்துக்கு வந்து சேரவில்லை.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு எங்கள் பள்ளி ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் 1500 மீட்டரில் எங்களையெல்லாம் அழவைத்த ஒருத்தி ஒன்பதாம் வகுப்பில் மைதானத்துப் பக்கமே வரவில்லை. கேட்டதற்கு, “அவ பெரிய மனுஷி ஆயிட்டாடா” என்றார்கள். பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் ஊரில் மாதவிடாய் வந்ததும் ஓட்டம் நின்றது. ஃப்ளெஷ்மன் காட்டும் உலகில் ஓட்டம் நிற்காமலிருக்க மாதவிடாய் நிற்கிறது. இரண்டு இடத்திலும் ஓடுகிற பெண்ணும் வளர்ந்த உடம்பும் ஒன்றாக இருக்க முடியாது என்றுதான் முடிவாகியிருக்கிறது. சரி, இது என் பாட்டு. நூலுக்கு வருகிறேன்.

ஃப்ளெஷ்மன் கல்லூரிக் காலத்தில் பெரிய சேதமில்லாமல் தப்பித்தவர். 2001, 2002, 2003 மூன்று வருடமும் தேசியக் கல்லூரிப் போட்டியில் 5000 மீட்டர் தங்கம். சக வீராங்கனைகள் தட்டைத் தள்ளிவைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், அது தனக்கு வராது என்றும் நம்பியவர். தொழில்முறைக்கு வந்து, ஏதென்ஸ் ஒலிம்பிக் வருடமான 2004 நெருங்கும்போது அவரே எடையைக் குறைக்கிறார். பாத எலும்பு விரிகிறது. ஒலிம்பிக் போகிறது. எல்லாம் தெரிந்த ஒருவர், தெரிந்தே அதைச் செய்கிறார். இந்த இடத்தில் அவர் தன்னைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் காட்டிக்கொண்டு ஒதுங்கவில்லை. தன் ஆசைக்கும் இதில் பங்குண்டு என்று ஒத்துக்கொள்கிறார். நேர்மையான பக்கங்கள்.

2019 நவம்பரில் மேரி கெய்ன் நியூயார்க் டைம்ஸ் வீடியோவில் பேசியது பலருக்கு நினைவிருக்கும். பதினேழு வயதில், 2013 மாஸ்கோ உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதியில் பத்தாவதாக வந்த பெண். நைக்கியின் ஓரிகான் அணியில் ஆல்பர்ட்டோ சலாஸரிடம் பயிற்சி பெற்ற காலத்தில் எடை குறை, இன்னும் குறை என்று நெருக்கப்பட்டதாகவும், மூன்று வருடம் மாதவிடாய் இல்லை என்றும், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் சொன்னார். சலாஸர் மறுத்தார். சில நாட்களில் அதே பத்திரிகையில் ஃப்ளெஷ்மன் ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் புத்தகத்தின் விதை அதுதான் என்று ஊகிக்கிறேன். ஒரு கெட்ட பயிற்சியாளரை வெளியேற்றினால் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில், நல்ல பயிற்சியாளர்களிடமும் இதேதான் நடக்கிறது என்று அவர் சொன்னார். வில்லன் இல்லாத கதையை யார் கேட்பார்கள்?

அதே 2023இல், இரண்டு மாதம் தள்ளி, காரா கௌச்சரின் ‘தி லாங்கஸ்ட் ரேஸ்’ வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். கௌச்சருடையது வழக்குக் கோப்பு போல இருக்கும். யார், எந்த அறை, எந்த நாள். 2010 செப்டம்பரில் குழந்தை பெற்று, ஓடினால்தான் சம்பளம் என்ற நிலையில் 2011 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் முடித்தவரின் கோபம் அதில் நேரடியாக இருக்கிறது. படிக்கையில் கை நடுங்கும். ஆனால் மூடிவைத்த பிறகு மனசில் நிற்பது குற்றவாளிகளின் முகங்கள். ஃப்ளெஷ்மனை மூடிவைத்த பிறகு நிற்பது அந்த வளைகோடு. இலக்கியமாக எது மேல் என்று கேட்டால் கௌச்சர் பக்கம் சாய்வேன். ஒரு பள்ளி பி.டி. வாத்தியார் கையில் எதைக் கொடுப்பாய் என்றால் யோசிக்காமல் ஃப்ளெஷ்மன்.

குறைகள் இல்லாமலில்லை. பின்பாதியில் மொழி மாறுகிறது. நைக்கியை விட்டு 2013இல் ஒவாசெல் என்ற சிறிய பெண்கள் ஓட்ட உடைக் கம்பெனிக்குப் போவது, உணவு பார் தயாரிக்கும் தொழில், பிறகு பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராவது. எல்லாம் நல்ல காரியங்கள்தான். சொல்லும் தொனியில்தான் மேடைப் பேச்சு ஏறிவிடுகிறது. ஒலிம்பிக் கிடைக்காத இடத்தில் தொழில் வெற்றியை வைத்து, முன்பாதியில் உடைத்த அதே பழைய அச்சைப் பின்பாதியில் ஒட்டவைக்கப் பார்க்கிறார். பதக்கத்துக்குப் பதில் பிராண்ட். 2007இல் பெண்களுக்கான ஷூ விளம்பரத்துக்கு ஆடையில்லாமல் நிற்கக் கேட்டபோது மறுத்து, உடையோடு, கைகட்டி, கேமராவை முறைத்து நின்ற கதையைச் சொல்லும் ஃப்ளெஷ்மனுக்கு, கருணையான கம்பெனியும் கம்பெனிதான் என்ற சந்தேகம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இன்னொன்று எனக்குப் பெரிய குறை. கல்லூரி அணியில் பாதியில் காணாமல் போன பெண்கள் நிழல்களாகவே வந்து போகிறார்கள். அவர்களுடைய அந்தரங்கத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கும், புரிகிறது. ஆனாலும் இந்த அமைப்பின் கதையை மூன்று தங்கம் வாங்கியவர் சொல்லித்தான் கேட்கிறோம். இருபது வயதில் இடுப்பெலும்பு விரிந்து ஊருக்குத் திரும்பி, நாற்பதில் எலும்புத் தேய்வு மாத்திரை சாப்பிடும் ஒருத்தி எழுதினால் அந்தப் புத்தகம் எப்படி இருக்கும்? அதைப் பதிப்பிக்க ஆள் கிடைக்குமா?

நூல் முழுக்கத் தொடரும் அந்த நேர்மைக்கு ஒரு சம்பவம் போதும். 2013 ஜூனில் முதல் குழந்தை. சில மாதங்களிலேயே ஒரு ஃபேஷன் மேடையில் ஓட்ட உடையில் நடக்கிறார். தட்டையான வயிறு தெரியும் ஒரு படம் இணையத்தில் சுற்றுகிறது. “பிள்ளை பெத்த வயிறா இது?” என்று பெண்கள் வியக்கிறார்கள், கூடவே தங்கள் வயிற்றைப் பார்த்துக் கூசுகிறார்கள். ஃப்ளெஷ்மன் தன் வலைப்பூவில் வேறு படங்களைப் போடுகிறார். சாதாரணமாக நிற்கும்போதும் குனியும்போதும் தொங்கிச் சுருங்கும் அதே வயிறு. மேடையில் வெளிச்சமும் இறுக்கிப் பிடித்த மூச்சும்தான் அந்தத் தட்டை வயிறு என்கிறார். பல பெண்கள் தங்கள் படங்களோடு பதில் எழுதினார்கள். மூன்று வருடம் கழித்து, 2016இல், தொழில்முறை ஓட்டத்திலிருந்து விலகினார். கடைசி வருடங்களிலும் காயம் விடவில்லை.