தன்வினையா, பிறவினையா?

"இறைவனின் வருகையால் இறந்தான்!"

நாடக மேடையிலே பேசப்பட்ட வசனமல்ல இது. பன்னிரண்டு பேர் கூடி, உறுதிமொழி எடுத்து, பிணத்தைக் கண்ணால் கண்டு, சாட்சிகளைக் காதால் கேட்டு, கையெழுத்திட்டுத் தந்த தீர்ப்பு. ஆங்கிலேயரின் மரண விசாரணை மன்றங்களிலே, திடீரென்று நேர்ந்த சாவுக்கும், காரணம் புலப்படாத சாவுக்கும், 19ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் வழங்கிவந்த வாசகம். யூனியன் ஜாக் கொடி ஏறிய கப்பலிலே இந்த வாசகமும் ஏறியது. குடியேற்ற நாடுகளிலே கரை இறங்கிற்று. சிறைக்கூடத்தின் இரும்புக் கதவையும் தாண்டி உள்ளே நுழைந்தது!

இறைவன் வருவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? இருட்டறையும், ஈரத்தரையும், ரொட்டித்துண்டும், தண்ணீர்க்குவளையும் இருக்குமிடம் தேடி வந்துதானா உயிரைக் கொண்டுசெல்ல வேண்டும்? ஆளுநர் மாளிகைக்கு அவர் அடிக்கடி வரக் காணோமே! பகுத்தறிவாளர் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது.

காவியத்துக்கும் கவிதைக்கும் மட்டுந்தானா திறனாய்வு? அரசாங்கம் எழுதிய ஏட்டுக்கும் அது தேவை என்போம் நாம். காவியத்திலே சொல் பிழைத்தால் சுவை கெடும். மரண விசாரணை ஏட்டிலே சொல் பிழைத்தால் கொலைகாரன் தப்புவான். எனவேதான் அந்த ஏடுகளை இலக்கணக் கண்கொண்டு படிக்கிறோம்.

இலக்கணம் கற்றோர் அறிவர்: உருண்டான் என்பது தன்வினை, உருட்டினான் என்பது பிறவினை. செத்தான் என்பது தன்வினை. சாகடித்தான் என்பது பிறவினை. சிறை அதிகாரி எழுதும் ஏட்டிலே எல்லாச் சாவும் தன்வினை. காய்ச்சல் வந்தது, செத்தான். களைத்தான், செத்தான். கடவுள் வந்தார், செத்தான். செய்தவன் என்று ஒருவன் அந்த வாக்கியத்திலே தலைகாட்டுவதே இல்லை. 'தன்வினை' என்ற சொல்லுக்கு நம் நாட்டு வைதிகர் தரும் மற்றொரு பொருளும் இங்கே பொருந்திவிடுகிறது பாருங்கள்: அவனவன் வினை, அவனவன் விதி!

இந்த மூடுதிரையைக் கிழிக்கவே மரண விசாரணை என்னும் ஏற்பாடு பிறந்தது. சிறையிலே இறந்தவன் எவனாயினும் அவன் சாவை வெளியார் விசாரிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய மரபு. அங்கே 1865ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிறைச் சட்டம் அதனை மேலும் இறுக்கிற்று. சிறை அலுவலன் ஜூரியாக அமரக் கூடாது. கைதி அமரக் கூடாது. சிறையோடு கொடுக்கல் வாங்கல் உடைய வணிகனும் அமரக் கூடாது என்றது. அலுவலன் தன்னைக் காத்துக்கொள்வான், கைதி அஞ்சுவான், வணிகன் ஒப்பந்தத்தை எண்ணுவான். நல்ல சட்டம்தான். ஆனால், ஆண்டவர் தமக்காக வகுத்துக்கொண்ட சட்டம், ஆளப்பட்டோர்க்கும் அதே நிழலைத் தந்ததா?

மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் ராட்னஸ்ட் என்றொரு தீவு. அந்த மண்ணின் பழங்குடியினர் அதனை வாஜமப் என்பர். 1838இல் அது பழங்குடியினருக்கான சிறையாயிற்று. வெப்பமிக்க வடபகுதியிலிருந்து, கழுத்திலே சங்கிலி பூட்டி, குளிரும் ஈரமும் நிறைந்த தீவுக்குக் கொண்டுவந்தனர். சிறு சிறு அறைகளிலே பலரை ஒருங்கே அடைத்தனர். 1883இல் காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 60 பேர் மடிந்தனர். ஒருவர் செத்தால் 'விதி' என்று ஓலமிடலாம். அறுபது பேர் செத்தால்? அரசு குழு அமைத்தது. தலைவர் ஜான் பாரஸ்ட், குடியேற்ற அரசின் உயர் அலுவலர். குழுவிலே செத்தவர்களின் இனத்தார் ஒருவர்கூட இல்லை. 1884இல் அறிக்கை வந்தது. சிறை ஒழிந்ததா? இல்லை. 1904 வரை சிறை என்ற பெயரோடும், 1931 வரை கட்டாய உழைப்புக்கூடமாகவும் நீடித்தது. அங்கே புதையுண்டோர் 370க்கு மேல் என்று இன்று கணக்கிடுகின்றனர். கல்லறைகளுக்குப் பெயரில்லை, கல்லுமில்லை. பிற்காலத்திலே அந்தப் புதைகுழிகளின்மேல் உல்லாசப் பயணிகள் கூடாரமடித்து விடுமுறை கழித்தனர்! கேட்டவனும் ஆண்டவன், எழுதியவனும் ஆண்டவன் எனும்போது காய்ச்சலே குற்றவாளியாகிறது. கழுத்துச் சங்கிலி சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

இனி, ஆங்கில ஆட்சியின் மிகப் பழைய குடியேற்றக் களமான அயர்லாந்துக்கு வருவோம். இங்கே கேள்வி கேட்டவர் வேறு. ஆகவே தீர்ப்பின் இலக்கணமும் வேறு.

1887ஆம் ஆண்டு. குத்தகை உழவர்கள் அநியாய வாரத்தை எதிர்த்துப் போராடிய காலம். அயர்லாந்தை நிருவகித்த அமைச்சர் ஆர்தர் பால்பர் அடக்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார். வீட்டை விட்டு விரட்டப்படுவதை எதிர்த்து நில்லுங்கள் என்று உழவர்களிடம் பேசியதற்காக, பார்லிமெண்ட் உறுப்பினர் வில்லியம் ஓபிரையனும், மிட்சல்ஸ்டவுன் பகுதி விவசாயி ஜான் மாண்டவிலும் தண்டிக்கப்பட்டு, டல்லமோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். "நாங்கள் அரசியல் கைதிகள், திருடர்க்குரிய உடையை உடுக்க மாட்டோம்" என்றனர். மாண்டவிலின் சொந்த உடைகள் வலிந்து பறிக்கப்பட்டன. தனியறைத் தண்டனை, ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே உணவு. அவருக்குத் தொண்டைநோய் கண்டிருந்தது. ஆயினும், தண்டனையைத் தாங்கும் உடல்நிலை உடையவர் என்று சான்று தர ஒரு மருத்துவர் இருந்தார். அவர் பெயர் ரிட்லி.

1887 டிசம்பரில் மாண்டவில் விடுதலையானார். 1888 ஜூலையில், தொண்டை வீக்கத்தால் இறந்தார். அவர் இறந்தது தம் ஊரிலே. ஆகவே விசாரணையும் ஊரார் நடுவிலே நடந்தது. சிறையின் அன்றாட ஏடுகள் திறக்கப்பட்டன. எந்த நாள் என்ன தண்டனை, எவர் ஆணை, எவர் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட மருத்துவர் ரிட்லி அருகிலிருந்த பெர்மாய் நகரிலே தங்கியிருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறுமுன்பே, தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்!

ஜூரிகள் எழுதினர்: மாண்டவிலின் சாவுக்குக் காரணமான நோய், டல்லமோர் சிறையிலே அவருக்கு இழைக்கப்பட்ட கொடிய, நியாயமற்ற நடத்தையால் விளைந்தது. தோழர்களே, இந்த வாக்கியத்தை ராட்னஸ்டின் காய்ச்சலோடு ஒப்பிடுங்கள். இங்கே இறைவன் வரவில்லை, சிறை வந்துவிட்டது. இடம் வந்துவிட்டது. இழைக்கப்பட்ட செயல் வந்துவிட்டது. தன்வினை பிறவினையாயிற்று!

குறை இல்லையா? உண்டு. விடுதலைக்கும் சாவுக்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் சென்றது. வெளியே அவர் நடமாடினார், கூட்டங்களுக்குச் சென்றார். ஆகவே சிறைமேல் பழி போடலாகாது என்றது அரசுத் தரப்பு. எள்ளி ஒதுக்கத்தக்க வாதமல்ல அது. நோய்க்கும் சிறைக்கும் இடையே உள்ள கண்ணியை மருத்துவ அறிவு கொண்டே அளக்க வேண்டும்; ஆத்திரம் அளவுகோலாகாது. ஆனால் அந்த வாதம் தொடாத உண்மை ஒன்றுண்டு: நோயாளியைப் பட்டினித் தண்டனைக்குத் தகுதியானவன் என்று எழுதிய கை ஒரு மருத்துவரின் கை. குணப்படுத்தக் கற்ற கல்வி, தண்டிப்பதற்கு முத்திரை குத்தப் பயன்பட்டது. இது விசாரணையிலே வெளிப்பட்டது. விசாரணை இல்லாதிருந்தால், ஏட்டிலே அது உறங்கியிருக்கும்.

ரிட்லியின் சாவு? தன்வினை என்பர் இலக்கணத்தார். அவரை அந்த நாற்காலியிலே அமர்த்தி, அந்தச் சான்றைத் தரவைத்த அமைப்பைக் கண்டோர் அவ்வளவு எளிதாக ஒப்பமாட்டார்.

இனி ஜூரிகளின் ஆற்றலுக்கு எல்லை எங்கே என்பதையும் காண்போம். ஓபிரையன், மாண்டவில் வழக்குக்காக 1887 செப்டம்பர் 9இல் மிட்சல்ஸ்டவுனில் மக்கள் திரண்டபோது போலீசார் சுட்டனர், மூவர் மாண்டனர். மரண விசாரணை ஜூரிகள் போலீஸ் அதிகாரிமீதும் காவலர்மீதும் கொலைக்குற்றம் சாட்டினர். டப்ளின் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. மாண்டவில் தீர்ப்புக்குப் பின்னரும் பால்பர் பதவியிழக்கவில்லை. பின்னாளில் பிரதமரே ஆனார். உண்மையைக் கண்டுபிடிக்கும் மன்றத்துக்கு, தண்டிக்கும் ஆற்றல் இல்லை. தண்டிக்கும் ஆற்றல் உள்ள மன்றத்துக்கு, உண்மையைக் காணும் விருப்பம் இல்லை. இதுவே அந்த ஏற்பாட்டின் ஊனம்.

அதே ஆட்சி நம் நாட்டுக்குத் தந்தது என்ன? 1871ஆம் ஆண்டின் கொரோனர் சட்டம், சிறையிலே கைதி இறந்தால் விசாரிக்க வேண்டும் என்றது. ஆனால் மாகாணத் தலைநகரங்களுக்கே அது உரியது. எஞ்சிய ஊர்களிலே விசாரணை மாஜிஸ்திரேட்டின் கையிலே. மாவட்டத்திலே வரி தண்டியவரும் அவரே, போலீசை மேற்பார்த்தவரும் அவரே! காவலில் நேரும் சாவை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2005இல். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி நிற்கிறது. விதி நிற்பதாலேயே உண்மை நிற்கும் என்று எண்ணி உறங்கிவிடலாமா?

ஆகாது. காவலிலே ஒருவன் இறந்தான் என்ற செய்தியை ஏட்டிலே காணும்போதெல்லாம், இளைஞர்கள் மூன்று கேள்வி கேட்கப் பழக வேண்டும். கேட்டவர் யார்? விடை சொன்னவர் யார்? எழுதியவர் யார்? மூவரும் ஒரே வீட்டுக்காரர் என்றால், அந்த அறிக்கையிலே எழுவாயைத் தேடுங்கள்; காணாமற் போயிருக்கும். 'நெஞ்சு வலித்தது', 'மயங்கி விழுந்தான்' என்ற வரிகள் வரும்போது, அதற்கு முந்தைய நாள் ஏட்டைக் கேளுங்கள். மருத்துவச் சான்றிலே கையெழுத்திட்டவர் எதைக் கண்டு எழுதினார் என்று கேளுங்கள்.

இறைவன் வந்தார் என்று எழுதிய காலம் போயிற்று. ஆனால் அவர் அமர்ந்திருந்த நாற்காலி இன்னும் காலியாகவே கிடக்கிறது. காய்ச்சலையும் மாரடைப்பையும் விதியையும் மாறி மாறி அதிலே அமர்த்தப் பார்ப்பார்கள். செய்தவனின் பெயரை அங்கே எழுதும்வரை ஓயாது கேட்பதே பகுத்தறிவாளர் கடமை.