தோழி இல்லாத களவு: ட்வைலைட் வரிசையும் பதின்பருவக் காதற்புதினம் உணர்த்தும் பொருளும்

பதின்பருவத்தினருக்கென எழுதப்படும் காதற்புதினம் அமெரிக்க ஆங்கிலத்தில் தனியொரு வகையாகக் கிளைத்து வளர்ந்துள்ளது. மாரீன் டேலியின் ‘செவன்டீன்த் சம்மர்’ 1942இல் வெளிவந்த காலந்தொட்டு, இவ்வகை நூல்கள் இளம் வாசகியருக்கு எதனைக் கற்பிக்கின்றன என்னும் வினா திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வருகிறது. ஸ்டெபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005), ‘நியூ மூன்’ (2006), ‘எக்லிப்ஸ்’ (2007), ‘பிரேக்கிங் டான்’ (2008) ஆகிய நான்கு புதினங்களைப் பற்றி அவ்வினா எழுந்த அளவிற்கு வேறெந்த வரிசையைப் பற்றியும் எழுந்ததில்லை எனலாம்.

கதை எளியது. பெல்லா ஸ்வான் என்னும் பதினேழு வயதுப் பெண், தாயைப் பிரிந்து, வாஷிங்டன் மாநிலத்தின் மழை ஓயாத ஃபோர்க்ஸ் ஊரில் காவல்துறைத் தலைவராக இருக்கும் தந்தை சார்லியிடம் வந்து சேர்கிறாள். உடன்பயிலும் எட்வர்ட் கல்லன் மீது காதல் கொள்கிறாள். அவன் இரத்தக்காட்டேரி, 1901இல் பிறந்து, 1918இன் நச்சுக்காய்ச்சலில் இறக்கும் தறுவாயில் மாற்றம் பெற்றுப் பதினேழு வயதிலேயே நின்றுவிட்டவன். அவளுடைய குருதியின் மணம் அவனைக் கொலைக்குத் தூண்டுகிறது, காதல் தடுக்கிறது. இவ்விழுபறியே நான்கு நூல்களையும் இழுத்துச் செல்கிறது.

இந்நூல்கள் பற்றிய மதிப்பீடுகள் இரு திறத்தன. அடக்கியாளும் ஆடவனைக் காதலனாகக் கொண்டாடி, அடங்கிப்போதலைக் காதலின் இலக்கணமாக்குகின்றன என்பது ஒரு திறம். கதையைக் கதையாக வாசிக்கும் அறிவு இளம்பெண்களுக்கு உண்டு. அவர்களை ஏமாளிகளாகக் கருதுவதே இழிவு என்பது மற்றொன்று. பின்னைய கருத்திற்கு வலுவான முன்னோடி உண்டு. ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ‘ரீடிங் த ரொமான்ஸ்’ என்னும் ஆய்வு, காதற்புதினம் வாசித்த அமெரிக்க நடுமேற்குப் பகுதிப் பெண்களை நேரில் கேட்டு எழுதப்பட்டது. குடும்பப் பணிகளுக்கிடையே தமக்கெனச் சிறிது பொழுதை ஒதுக்கிக்கொள்ளும் செயலாகவே அப்பெண்கள் வாசிப்பைக் கருதினர் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. ஆகவே நூலின் நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு ‘இதுவே இது கற்பிக்கும் பாடம்’ என முடிவு கட்டுதல் ஆய்வு நெறிக்குப் போதாது.

எனினும் இரு திறத்தாரும் எட்வர்டின் நடத்தையையே சுற்றி வருகின்றனர். நூல் உணர்த்தும் பொருளை வேறோரிடத்திலும் தேடலாம். காதலைப் பற்றி அறிந்தவர் யார், பேச இசைவு பெற்றவர் யார், அப்பேச்சு கதையின் போக்கை மாற்றுகிறதா என்பன அவ்விடம். தமிழ் அகத்திணை மரபு இவ்வினாக்களுக்கு ஒரு பெயரை வைத்திருக்கிறது: தோழி. அகப்பாடல்கள் பதின்பருவத்தினருக்கு அறிவுரை கூற எழுந்தவை அல்ல; அவை முதிர்ந்த புலவர்களின் புனைவு மரபு. அம்மரபில் யாவும் சமம் என்றும் கூறுதல் இயலாது. தலைவியினும் தலைவன் உயர்ந்தவனாக இருத்தல் குற்றமாகாது என்று தொல்காப்பியமே இடந்தருகிறது. ஆதலின் தோழி இங்கே உரைகல்லாகக் கொள்ளப்படுகிறாளேயன்றித் தமிழின் பெருமைக்குச் சான்றாக நிறுத்தப்படவில்லை.

ட்வைலைட்டின் மிகுதியும் பேசப்பட்ட காட்சியிலிருந்து தொடங்கலாம். பெல்லா உறங்கும்போது எட்வர்ட் சாளரத்தின் வழியே அவளது அறைக்குள் வந்து, இரவுதோறும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னர் அவனே இதனைக் கூறுகிறான். சினங்கொள்ள முயலும் பெல்லாவிற்குச் சினம் வரவில்லை. உள்ளூரப் பெருமிதமே எழுகிறது. உறக்கத்தில் தான் உளறியதை அவன் கேட்டிருப்பானே என்பதே அவளது கவலை.

இரவில் தலைவன் வருவது தமிழ் மரபிற்குப் புதிதன்று. ஆனால் அவ்வருகைக்கு இரவுக்குறி என்று பெயர். குறி என்பது முன்னரே உடன்பட்டு வரையறுத்த இடம். அவ்விடம் இல்லத்தின் எல்லைக்குள், வீட்டார் பேசுவது கேட்கும் தொலைவில் அமைய வேண்டும் என்பது களவியல் கூறும் வரையறை. தலைவன் வரும் வழியின் இடர் பேசப்படும். ஊர் உறங்காமை பேசப்படும். குறி தவறினால் அதுவும் துறையாகும். இவற்றையெல்லாம் பேசுபவள் பெரும்பாலும் தோழி. எட்வர்டின் வருகையில் குறி இல்லை. தலைவிக்கே தெரியாத வருகை அது. அடுத்த அறையில் உறங்கும் சார்லியோ காவல்துறைத் தலைவர். மகளின் சாளரம் மட்டும் அவரது காவலுக்குள் வரவில்லை!

தோழி செய்யும் பணிகளை எண்ணிப் பார்த்தால் இந்த இன்மையின் அளவு விளங்கும். மூவர் கருத்தும் ஒன்றுபடும் மதியுடம்பாட்டின் வழியே அவள் மறைவை அறிகிறாள். தலைவனை எளிதில் ஏற்காது சேட்படுக்கிறாள். அவன் கொணரும் தழையையும் பூவையும் கையுறையாக வாங்க மறுக்கிறாள். இரவுக்குறி மறுத்து வரைவு கடாவுகிறாள். வேண்டிய பொழுதில் அறத்தொடு நின்று செவிலிக்கு உண்மையை உரைக்கிறாள். இவற்றுள் எதுவும் காதலுக்குத் தடையன்று. காதலை அறிந்து, விரும்பி, அதன் பொருட்டே தலைவனை வினவுகிறாள் என்பதே அவளது தனித்தன்மை. அவளது மறுப்பினால் தலைவன் வரைவுக்கு முற்படுகிறான்; ஒரு துறை மற்றொரு துறையாக நகர்கிறது.

பெல்லாவிற்குப் பள்ளித்தோழியர் உளர். ஜெசிகா ஆரவாரமானவள், ஏஞ்செலா அடக்கமும் பரிவும் உடையவள். இருவரிடமும் பெல்லா முழு உண்மையைக் கூறுவதில்லை, கூறவும் இயலாது. காதலன் காட்டேரி என்பது காக்கப்பட வேண்டிய மறைபொருள். இம்மறைபொருளைக் கதைச் சுவைக்கான உத்தியாக மட்டும் கொள்ளுதல் போதாது. ‘நியூ மூன்’ நூலில், பிரிவால் நிலைகுலைந்த பெல்லா இரவில் அறிமுகமற்ற ஆடவர்களை நோக்கித் தெருவில் நடக்கிறாள். எட்வர்டின் குரல் செவியில் ஒலிக்கும் என்பதே காரணம். உடன்வந்த ஜெசிகா தடுக்கிறாள். எந்தத் தோழியும் அவ்விடத்துக் கூறக்கூடியதையே அவள் கூறுகிறாள். ஆனால் அவள் உண்மை அறியாதவள். ஆகவே அவளது சொல் செல்லாது. சார்லி மகளிடம் மற்ற நண்பர்களோடும் பழகுமாறு கேட்கும்போதும், தாய் ரெனே ‘எக்லிப்ஸ்’ நூலில் மகள் தன்னையறியாமலே எட்வர்டின் அசைவிற்கேற்ப அசைவதைக் கூர்ந்து கண்டு சொல்லும்போதும் இதுவே நிகழ்கிறது. நன்மை விரும்பிச் சொல்பவருக்கு மறைவு தெரியாது.

மறைவை அறிந்தவரோ கதையில் பங்குடையவர். ஓநாயாக மாறும் ஜேக்கப் எட்வர்டைப் பற்றி எச்சரிக்கிறான். ஆனால் அவன் அவளைக் காதலிப்பவன். விருப்பமின்றி அவளுக்கு முத்தமிட்டு, அவளது குத்தை வாங்கிக்கொள்பவனும் அவனே. குத்தியவளுக்குத்தான் கையெலும்பு முறிகிறது. செய்தி கேட்ட தந்தை சார்லி ஜேக்கப்பைப் பாராட்டுகிறார் என்பது இவ்வரிசையின் மிகக் கசப்பான இடங்களுள் ஒன்று. எட்வர்டின் தங்கையாக வாழும் ஆலிஸ் பெல்லாவிற்கு உற்ற தோழி போலவே தோன்றுகிறாள். ‘எக்லிப்ஸ்’ நூலில், பெல்லா ஜேக்கப்பைக் காணச் செல்வதைத் தடுக்க எட்வர்ட் அவளது வண்டியின் எஞ்சின் பாகமொன்றைக் கழற்றிவிடுகிறான். மற்றொரு முறை, அவன் வேட்டைக்குச் செல்லும் நாள்களில் அவளைத் தன் வீட்டிலேயே நிறுத்திவைக்கும் பொறுப்பை ஆலிஸிடம் விடுகிறான். அதற்கு ஆலிஸ் பெற்ற கைம்மாறு மஞ்சள் நிறப் போர்ஷ் கார். கையுறை மறுக்கும் தோழியைக் கற்ற வாசகர்க்கு இவ்விடத்தில் புன்னகை தோன்றுவது இயல்பே. எட்வர்ட் பின்னர்த் தன் பிழையை உணர்ந்து கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறான் என்பதையும் நேர்மையாகக் குறித்தல் வேண்டும். ஆனால் அத்திருத்தம் அவனாகவே கண்டது. பெல்லாவின் பக்கம் நின்று எவரும் வாதிட்டுப் பெற்றதன்று.

இக்கூற்றிற்கு மறுப்பாக நிற்பவள் ஒருத்தி உண்டு: ரோசலி. அவளும் கல்லன் குடும்பத்தினளே. ஆயினும் பெல்லா காட்டேரியாக மாறுவதற்கு எதிராக வாக்களித்தவள். ‘எக்லிப்ஸ்’ நூலில் ஓரிரவு பெல்லாவின் அருகமர்ந்து தன் கதையைக் கூறுகிறாள். 1933இல், ராசெஸ்டர் நகரில், தனக்கு மணம் பேசப்பட்டிருந்தவனும் அவனுடைய கூட்டாளிகளும் தன்னைச் சிதைத்துத் தெருவில் விட்டுச்சென்றதையும், சாவிலிருந்து காக்கப்பட்டபோதும் குழந்தை, முதுமை என்னும் இரண்டையும் என்றென்றைக்கும் இழந்ததையும் சொல்கிறாள். பெல்லாவின் முன் உள்ள தெரிவு தனக்கு வாய்க்கவில்லை என்பதே அவள் கூற விரும்புவது. மறைவை முற்றும் அறிந்தவள், காதற்போட்டியில் இல்லாதவள், பெண், தன் இழப்பிலிருந்து பேசுபவள். நான்கு நூல்களிலும் தோழியின் நிலைக்கு மிக அண்மையில் வருபவள் இவளே. மேயரின் எழுத்து தன் உச்சத்தைத் தொடும் பகுதியும் இதுவே எனக் கருத இடமுண்டு.

அப்பேச்சிற்கு என்ன விடை கிடைக்கிறது என்பதில்தான் இவ்வரிசையின் உட்பொருள் வெளிப்படுகிறது. பெல்லா அவளோடு வாதிடுவதுமில்லை, மனம் மாறுவதுமில்லை. அவளுக்காகக் கதையே விடை சொல்கிறது. ‘பிரேக்கிங் டான்’ நூலில் பதினெட்டு வயதில் மணம் நிகழ்கிறது; மனிதப்பெண்ணாக இருக்கும்போதே கரு உருவாகிறது; பேற்றின்போது சாவின் விளிம்பு வரை சென்று காட்டேரியாகிறாள். குழந்தையும் கிடைக்கிறது, முதுமையற்ற வாழ்வும் கிடைக்கிறது. ரோசலி இழந்தவற்றுள் பெரியதொன்றைப் பெல்லா இழக்க நேரவேயில்லை. எச்சரித்தவளே அக்கருவைக் காக்கும் காவலாளியாகவும் ஆக்கப்படுகிறாள். எச்சரிக்கை பொய்யென்று எவரும் நிறுவவில்லை. அதற்குரிய விலை மட்டும் கேட்கப்படாது விடப்படுகிறது. காதலன் கொடியவனாயினும் பொறுத்துக்கொள் என்று நூல் கற்பிப்பதாகக் கூறுவோர் இதனைக் கவனிப்பதில்லை. யாரிடமும் கேட்காமல் நீ விரும்பியதே சரி, உலகம் பின்னர் உனக்கு இணங்கும் என்பதே நூல் உணர்த்துவது. பதினேழு வயதில் இதனினும் இனிய சொல் வேறில்லை. இந்நூல்களை வாசகியர் விரும்பியதற்கு அவர்களது அறியாமையைக் காரணமாகக் காட்டத் தேவையில்லை. பெண்ணின் விழைவை மையத்தில் வைத்து, வெட்கமின்றி அதனைப் பேசவிட்டவை இந்நூல்கள் என்பதும் உண்மையே.

திணைப்பகுப்பு வேறோரிடத்திலும் துணைசெய்கிறது. ஓநாய்க் குலத்தாரிடையே ‘பதிதல்’ என்றொரு நிலை பேசப்படுகிறது. கண்ட அளவில் ஒருத்தியின்பால் மீளாப் பற்று விழுந்துவிடும். குவில் என்பானுக்கு அப்பற்று இரண்டு வயதுக் குழந்தையின்மீது விழுகிறது; ஜேக்கப்பிற்கோ பெல்லாவின் பிறந்த குழந்தையின்மீதே விழுகிறது. இப்போது அண்ணன், பின்னர் நண்பன், அதன்பின் காதலன் என்று நூல் அமைதி கூறுகிறது. காமத்திற்கு முதிராத இளையோளிடம் ஒருவன் சொல் எதிர்பெறாது தானே பேசுதலைத் தொல்காப்பியர் கைக்கிளையின் குறிப்பாகக் காட்டுகிறார். கைக்கிளையும் எழுதிணையுள் அடங்குவதே. ஆதலின் வகைப்படுத்துதல் கண்டித்தலாகாது. ஆயினும் அன்பின் ஐந்திணையினின்று அது பிரித்து வைக்கப்பட்டதற்குரிய அளவுகோல், மறுமொழி கூறக் கூடியவளா என்பதே. மேயர் அந்த ஒருதலைநிலையை முக்கோணக் காதலின் மங்கல முடிவாக நடுவில் வைக்கிறார். குழந்தையிடம் மறுமொழி இல்லை, இருக்கவும் முடியாது. இதே பதிதலால் தன் காதலனை உறவினளான எமிலியிடம் இழந்த லியா ஒருத்தியே இதன் கொடுமையை உடலால் அறிந்தவள். அவளது சொல்லைக் குலத்தார் கசப்பாகவே கேட்கின்றனர்.

இவ்வின்மை இவ்வகைப் புதினத்திற்கு இயல்பானதா? இல்லை என்பதற்கு ஜூடி புளூமின் ‘ஃபாரெவர்’ (1975) சான்றாகும். பதின்பருவத்தினரின் உடலுறவை ஒளிவின்றி எழுதியதற்காக அமெரிக்க நூலகங்களில் பன்முறை எதிர்ப்புக்குள்ளான நூல் அது. அதன் தலைவி கேதரினுக்கு எரிகா என்னும் தோழி இருக்கிறாள். குடும்பக்கட்டுப்பாட்டுத் துண்டுநூல்களை அஞ்சலில் அனுப்பிவைக்கும் பாட்டி இருக்கிறாள். உடன்படாமலே பேசிக்கொண்டிருக்கும் பெற்றோர் இருக்கின்றனர். காதல் முடிவுக்கு வருகிறது. ஜென்னி ஹானின் ‘டு ஆல் தி பாய்ஸ் ஐ ஹாவ் லவ்ட் பிஃபோர்’ (2014) நூலில் தோழியின் இடத்தை உடன்பிறந்தார் நிரப்புகின்றனர். அதன் தலைவி லாரா ஜீன் தன் நடிப்புக் காதலுக்கு வரம்புகளை வரைந்து காதலனோடு ஒப்பந்தமே எழுதிக்கொள்கிறாள். குறி என்பதன் இக்கால வடிவம் எனில் மிகையாகாது. கடுமையாக எதிர்க்கப்பட்ட ‘ஃபாரெவர்’ நூலில்தான் தலைவியைச் சுற்றி இத்தனை பேர் பேசுகின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

மேயர் தம்மீதான மதிப்பீடுகளைச் செவிமடுக்காதவர் அல்லர். 2015இல் ஆண்-பெண் பாத்திரங்களை இடம்மாற்றி ‘லைஃப் அண்ட் டெத்’ எழுதினார். இடர்ப்படுபவர் பெண் என்பதாலன்று, மனிதர் என்பதாலேயே காக்கப்பட வேண்டியவராகிறார் என்பது அவரது விடை. பால் மாறியும் தனிமை மாறவில்லை. 2020இல் வெளிவந்த ‘மிட்நைட் சன்’ முதல் நூலின் நிகழ்ச்சிகளை எட்வர்டின் கூற்றாகத் தருகிறது. சாளரத்தின் வழியே வருவது தவறென்று அவன் தன்னைத்தானே கடிந்துகொள்கிறான், ஆயினும் வருகிறான். பிறர் மனத்தைக் கேட்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு. பெல்லாவின் மனம் மட்டும் கேட்பதில்லை. ஆகவே இந்நூலில் ஜெசிகாவின் பொறாமையும் ஏஞ்செலாவின் பரிவும் முதன்முறையாக விரிவாக வெளிப்படுகின்றன. பெல்லாவைப் பற்றி அவள் தோழியர் எண்ணியவற்றை வாசகர் இங்கு அறிகின்றனர், தலைவனும் அறிகிறான். அச்சொற்களுள் பெரும்பாலானவை பெல்லாவின் செவியை அடைவதில்லை.