ஆட்டத்துக்கேற்ற பாட்டு

விளையாட்டு வீரர் தேர்ந்தெடுக்கும் பாட்டின் வீரியத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, உடல் அடுத்துச் செய்யப்போகும் வேலை. மற்றொன்று, அந்த நேரத்தில் மனம் இருக்கும் நிலை. வேலை கடினமாக ஆக, வேகமான பாட்டை மனம் நாடுகிறது. பதற்றம் ஏற்கெனவே தலைக்கேறியிருந்தால் நிதானமான பாட்டைத் தேடுகிறது. பயிற்சி நாட்களில் இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் சண்டை வருவதில்லை. இறுதிப் போட்டிக்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் உடல் ஒன்றைக் கேட்கும், மனம் வேறொன்றைக் கேட்கும்.

வீரியம் என்ற ஒரே சொல்லுக்குள் வேகமும் ஒலி அளவும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று கணக்கிடுகிறார்கள். கர்நாடக இசைக்காரர்கள் காலப்பிரமாணம் என்று சொல்வது இதைத்தான். நிதானமான மெலடி 70, 80 தட்டுகளில் நடக்கும். எழுந்து ஆடவைக்கும் பாட்டு 120-ஐத் தாண்டும். ஒலி அளவுக்கு டெசிபல் கணக்கு. இந்த இரண்டில் எது உடலைத் தள்ளுகிறது என்பதை ஜூடி எட்வொர்தி, ஹன்னா வேரிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று காட்டியது. 30 பேரை டிரெட்மில்லில் அவரவர் விருப்ப வேகத்தில் ஓடவிட்டு, வேகப் பாட்டையும் மெதுப் பாட்டையும், 80 டெசிபலிலும் 60 டெசிபலிலும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார்கள். பாட்டு வேகமானபோது ஓட்டமும் வேகமானது. ஒலியைக் கூட்டியதால் கிடைத்த பலனோ, பாட்டு வேகமாக இருந்தபோது மட்டுமே தெரிந்தது. மெதுவான பாட்டை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் கால்கள் அதற்கு அசைந்துகொடுக்கவில்லை.

போட்டிக்கு முன் கேட்கும் பாட்டின் வேலை, மனக்கிளர்ச்சியைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது. கிளர்ச்சி குறைவாக இருந்தாலும் ஆட்டம் சோர்கிறது, அதிகமானாலும் கெடுகிறது என்பதை விளையாட்டு உளவியல் 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் செய்த ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டது. பின்னாளில் விளையாட்டு உளவியலாளர் யூரி ஹானின் அதைத் திருத்தினார். எல்லோருக்கும் பொதுவான சரியான அளவு என்று ஒன்று இல்லை, ஒவ்வொரு வீரருக்கும் தனக்கென ஒரு மண்டலம் உண்டு என்பது அவர் கருத்து. ஒருவர் கொதிநிலையில் நன்றாக ஆடுவார், இன்னொருவர் கொதித்தால் தடுமாறுவார். அணியின் உடைமாற்றும் அறையில் ஒரே பாட்டை ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் சேர்த்து அலறவிடும் பழக்கம் இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

ஒலிம்பிக் வெற்றியாளர்களின் காதுகளில் என்ன ஓடியது என்று பார்த்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 2008 பெய்ஜிங்கில் 8 தங்கம் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ், நீச்சல் குளத்தருகே வரும்வரை ஹெட்போனைக் கழற்றாமல் ஹிப்-ஹாப் கேட்டுக்கொண்டிருந்தார். 2004 ஏதென்ஸில் 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் போட்டிக்கு முன் நாடியது அலீசியா கீஸின் உருக்கமான பாடல்களை. 2000 சிட்னியில் சூப்பர் ஹெவிவெயிட் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற ஆட்லி ஹாரிசன் கேட்டதோ ஜப்பானியச் செவ்வியல் இசை. குத்துச்சண்டைக்காரருக்கு அதிரடி இசைதான் பொருந்தும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் வளையத்துக்குள் இறங்குமுன் அவ்வளவு பெரிய உடம்புக்கு ஆவேசம் தானாகவே வந்துவிடுகிறது. அதை அடக்கி, மூச்சையும் பலத்தையும் கடைசிச் சுற்று வரை மிச்சம்பிடிப்பதுதான் சிரமம்.

கிரிக்கெட்டில் இதற்கு மிக நல்ல சான்று 2004 ஜனவரியில் சிட்னியில் நடந்த டெஸ்ட். அந்த ஆஸ்திரேலியத் தொடரில் அதுவரை ரன் எடுக்கத் திணறிய சச்சின் டெண்டுல்கர், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்துகளுக்கு கவர் டிரைவ் ஆடுவதில்லை என்று முடிவெடுத்து இறங்கினார். தனக்கு மிகப் பிடித்த அடியையே விலக்கிவைத்து 436 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 241 ரன் எடுத்தார். ரன்களில் பெரும்பகுதி லெக் பக்கம் வந்தது. லட்சுமணுடன் சேர்ந்து 353 ரன் கூட்டணி, அணியின் கணக்கில் 7 விக்கெட்டுக்கு 705. அந்த ஐந்து நாட்களும் பிரையன் ஆடம்ஸின் 'சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்' என்ற ஒரே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டதாக டெண்டுல்கரே சொல்லியிருக்கிறார். மைதானத்துக்குப் போகும் வழியிலும் அதுதான், உணவு இடைவேளையிலும் அதுதான்.

அது துள்ளலான ராக் பாட்டு. ஆடப்பட்டதோ துள்ளலை முழுக்கக் கட்டிப்போட்ட இன்னிங்ஸ். இந்த முரணுக்கு விளக்கம் திரும்பக் கேட்டதில் இருக்கிறது. முதல் முறை கேட்கும்போது கிளர்ச்சியூட்டும் பாட்டு, இருபதாவது முறை கேட்கும்போது புதிதாக எதையும் கிளறுவதில்லை. முதல் நாள் இருந்த மனநிலைக்கே ஆளைத் திரும்பக் கூட்டிப்போகிறது. பத்து மணி நேரத்துக்கும் மேல் ஒரே தீர்மானத்தில் நின்று ஆட வேண்டியவருக்கு வேண்டியதும் அந்த மாறாத மனநிலைதான். பாட்டின் வீரியம் என்பது ஒலித்தட்டில் மட்டும் பதிந்திருப்பதில்லை, கேட்பவர் அதோடு எத்தனை நாள் பழகியிருக்கிறார் என்பதும் அதில் கலந்திருக்கிறது.

லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் காரகியோர்கிஸ், பாட்டின் ஊக்க ஆற்றலை அளக்க 1999-இல் சக ஆய்வாளர்களுடன் உருவாக்கிய அளவுகோலும் இதற்கு இடம் தருகிறது. தாளம், இசையமைப்பு இவற்றோடு, அந்தப் பாட்டுக்குச் சமூகத்தில் உள்ள இடத்தையும், கேட்பவர் மனதில் அது கிளப்பும் நினைவுகளையும் அவர் கணக்கில் சேர்க்கிறார். தமிழ்நாட்டு ஜிம்களில் நாயகனின் அறிமுகப் பாடல்கள் சலிக்காமல் ஒலிப்பதற்குக் காரணம் தாளம் மட்டுமல்ல. திரையில் அந்தப் பாட்டோடு வந்த நடையும் அரங்கில் எழுந்த விசிலும் எடை தூக்குபவரின் நினைவில் கூடவே எழுகின்றன.

போட்டி தொடங்கியபின், உடல் இயங்கிக்கொண்டிருக்கும்போது, பாட்டின் வேலை மாறுகிறது. இங்கே தாளமே முதலிடம். 1911-இலேயே லெனார்ட் அயர்ஸ் என்ற அமெரிக்கர் நியூயார்க்கின் ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கவனித்து, பேண்டு வாத்தியம் முழங்கும்போது வீரர்கள் வேகமாக மிதிக்கிறார்கள் என்று பதிவு செய்தார். 1998 பிப்ரவரியில் பர்மிங்காம் உள்ளரங்கில் எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 2,000 மீட்டரை 4 நிமிடம் 52.86 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, அரங்கின் ஒலிபெருக்கியில் 'ஸ்கேட்மேன்' பாட்டு ஒலித்தது. அதன் தாளத்தோடு காலடியை இணைத்து ஓடுவது அவருடைய வழக்கம்.

இதைவிட நுணுக்கமான சான்று லிவர்பூலில் நடந்த சைக்கிள் சோதனை. 2010-இல் ஜிம் வாட்டர்ஹவுஸ் குழு 12 மாணவர்களை அவரவர் விரும்பும் வேகத்தில் மிதிக்கச் சொல்லி, ஒரே பாட்டுத் தொகுப்பை ஒரு நாள் உள்ளபடியும், இன்னொரு நாள் 10 விழுக்காடு கூட்டியும், வேறொரு நாள் 10 விழுக்காடு குறைத்தும் ஒலிக்கவிட்டது. வேகம் மாற்றப்பட்ட விவரம் மாணவர்களிடம் சொல்லப்படவில்லை. பாட்டு வேகமான நாளில் கடந்த தூரம் 2.1 விழுக்காடும் மிதிக்கும் திறன் 3.5 விழுக்காடும் கூடின. மெதுவான நாளில் தூரம் 3.8 விழுக்காடும் திறன் 9.8 விழுக்காடும் குறைந்தன. ஏற்றத்தைவிட இறக்கம் பெரிது என்பதைப் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும். பொருத்தமான பாட்டு கொடுக்கும் லாபத்தைவிடப் பொருந்தாத பாட்டு ஏற்படுத்தும் நஷ்டம் இந்தச் சோதனையில் அதிகம். இன்னொன்றும் உண்டு: வேகப் பாட்டில் மாணவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், அந்த உழைப்பை விரும்பியே செய்தார்கள், பாட்டும் அவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது.

உழைப்பு ஏற ஏறப் பாட்டின் வேகமும் ஏறிக்கொண்டே போக வேண்டுமா என்றால், இல்லை. காரகியோர்கிஸின் 2011 ஆய்வில், உடற்பயிற்சி செய்பவர்கள் விரும்பிய வேகம் 125-க்கும் 140-க்கும் இடைப்பட்ட குறுகிய பட்டையில் அடங்கியது. இதயம் 170, 180 என்று அடித்தாலும் காது அந்த வேகத்தைக் கேட்பதில்லை. ஓட்டக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நிமிடத்துக்கு 170 அடி வைப்பவர், 85 தட்டுள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு இரண்டு அடி என்று பொருத்திக்கொள்ளலாம்.

இந்தப் பொருத்தத்தின் பலன் அளவிடப்பட்டிருக்கிறது. 2012-இல் பீட்டர் டெர்ரி குழு உயர்மட்ட டிரையத்லான் வீரர்களை டிரெட்மில்லில் களைத்து நிற்கும்வரை ஓடவிட்டது. தாளத்தோடு இணைந்து ஓடியபோது, இசையில்லாமல் ஓடியதைவிட 18 முதல் 20 விழுக்காடு அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஊக்கமூட்டும் பாட்டுக்கும் சாதாரணப் பாட்டுக்கும் இடையில் வித்தியாசம் மிகக் குறைவு. தாளம் காலோடு ஒட்டியதுதான் கணக்கு. கேரளத்துச் சுண்டன் வள்ளங்களில் நடுவில் நின்று பலகையை இடிப்பவரும் வஞ்சிப்பாட்டு பாடுபவரும் நூறு துடுப்புகளை ஒரே நேரத்தில் நீரில் இறக்கவைப்பது இதே வித்தையால்தான். ஏற்றம் இறைத்தவர்களும் நடவு நட்டவர்களும் பாடிய பாட்டுகளின் வேகத்தை அந்தந்த வேலையின் வேகமே வகுத்தது.

இசையின் பலனுக்கு வரம்பும் உண்டு. டெர்ரியும் காரகியோர்கிஸும் உள்ளிட்ட குழு 2020-இல் 139 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. இசையால் மிகத் தெளிவாகக் கூடியது மனநிறைவு. அதற்கடுத்து உடல் திறன். களைப்புணர்வில் சிறிது குறைவு தெரிந்தது. இதயத் துடிப்பில் சொல்லும்படியான மாற்றமில்லை. உழைப்பு உச்சத்தைத் தொடும்போது, மூச்சிரைப்பும் தசை எரிச்சலும் கவனத்தை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்கின்றன. களைப்பை மறைக்கும் சக்தியைப் பாட்டு அங்கே இழந்துவிடுகிறது. கடைசி 200 மீட்டரில் ஓடுபவருக்குத் துணை அவருடைய பயிற்சி மட்டுமே.

போட்டி விதிகளும் குறுக்கே நிற்கின்றன. தடகளப் போட்டிப் பகுதிக்குள் வானொலி, கைப்பேசி போன்ற கருவிகளைப் பயன்படுத்துவதை உலகத் தடகள அமைப்பு விதிமீறிய உதவியாகக் கருதுகிறது. துப்பாக்கி சுடுதலில் நிலைமை தலைகீழ். இறுதிச் சுற்றுகளில் அரங்கில் இசை ஒலிப்பதைச் சர்வதேச விதியே ஏற்றிருக்கிறது. சுடுபவர் காதில் மாட்டிக்கொள்ள அனுமதி ஒலியைக் குறைக்கும் கருவிக்கு மட்டும்தான். கை நடுங்காமல், இதயத்தின் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் விசையை அழுத்த வேண்டிய ஒருவரைச் சுற்றிப் பார்வையாளருக்கான துள்ளல் இசை ஓடுகிறது. அதனால் பயிற்சியின்போதே இரைச்சலுக்குப் பழகிக்கொள்வதைத் தவிர சுடுபவருக்கு வேறு வழியில்லை.

மனம் சோர்ந்திருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு இசை சிகிச்சையாளர்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1940-களில் அமெரிக்க மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் முன்வைத்தது அது: கேட்பவரின் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, படிப்படியாக வேண்டிய நிலைக்கு நகர்த்துவது. தோற்றுவிட்டு வந்த அணியின் பேருந்தில் உடனே கொண்டாட்டப் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். அடுத்த நாள் பயிற்சியிலும் மெதுவாகத் தொடங்கி வார்ம்-அப் முடியும்போது வேகத்துக்கு வருவதே சரி. பயிற்சி முடிந்தபின் மறுபடி நிதானமான பாட்டுக்கு இறங்கினால் மனம் அடங்க உதவும்.

ஜிம் நடத்துபவர்களும் விளையாட்டு அகாடமிப் பயிற்சியாளர்களும் ஒலி அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உடலை நகர்த்துவது பாட்டின் வேகமும், அதைத் தேர்ந்தெடுத்தவரின் விருப்பமும். சத்தம் அவற்றுக்கு ஈடாகாது. வளரும் பிள்ளைகள் பயிற்சி பெறும் இடங்களில் இது இன்னும் அவசரம். பெரியவர்களுக்கே 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபலானால், வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.